இணைப்பைக் கொடுத்தால் சான்று கொடுத்ததாகாது

மீண்டும் ஓர் ஆய்வேடு வந்திருக்கிறது. துணைநூற்பட்டியலின் கடைசிப் பக்கம் முழுக்க வெறும் இணைய முகவரிகள். எழுதியவர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை, பார்த்த நாள் இல்லை. அவற்றுள் ஒன்று தேடுபொறியின் முடிவுப் பக்கம். கேட்டால், "இணைப்பைத்தான் கொடுத்திருக்கிறேனே ஐயா" என்கிறார் ஆய்வாளர். இந்தப் பதிலை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்தப் பதிப்பு என்பவற்றை இணைப்பு சொல்லாது. குடியிருந்தவர் வீடு மாறிப்போன பிறகு கதவிலக்கத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தரப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய தகவலுக்கு இப்போது இட்டுச்செல்வதில்லை என்று ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். தீர்ப்புகளின் கதியே இதுவென்றால், ஒரு வலைப்பூவை நம்பி எழுப்பிய இயலுக்கு என்ன உறுதி?

தமிழ்த்துறை மாணவர்களிடம் இன்னொரு பழக்கத்தையும் காண்கிறேன். குறுந்தொகைப் பாடலை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூலில் படித்துவிட்டு, தளத்தின் பெயரை மட்டும் அடிக்குறிப்பில் போடுகிறார்கள். 'செம்புலப் பெயனீர்' வரியைக் காட்ட வேண்டுமானால் குறுந்தொகை 40:4 (40ஆம் பாடல், 4ஆம் அடி) என்று எழுதுங்கள். அதோடு, பார்த்த பாடம், அதாவது பாடலின் சொல்வடிவம், எந்தப் பதிப்பினுடையது என்பதையும் சொல்லுங்கள். 1915இல் வந்த சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பா, 1937இல் வந்த உ.வே.சா. பதிப்பா? பாடவேறுபாட்டை வைத்து வாதாடுபவருக்கு இது உயிர்நாடி. பல மின்னூல்களின் முகப்பிலேயே மூல அச்சுப்பதிப்பின் விவரம் இருக்கிறது. தயவுசெய்து அந்த முதல் பக்கத்தைப் படியுங்கள். அச்சு நூலின் வருடிய (ஸ்கேன் செய்த) படிகளைப் பயன்படுத்தினால் பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் வேண்டும். இணைப்பு அதற்குப் பிறகுதான்.

யூடியூப் உரையென்றால் பேசியவர் வேறு, பதிவேற்றியவர் வேறு. இருவரையும் குறியுங்கள், எத்தனையாவது நிமிடம் என்பதையும் எழுதுங்கள். விக்கிப்பீடியாவைச் சுட்டியே ஆகவேண்டுமென்றால், நீங்கள் பார்த்த திருத்தத்தின் நிலையான இணைப்பைத் தாருங்கள். யாரோ எழுதி யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதற்கும் சான்றாகாது. செயற்கை நுண்ணறிவு தரும் நூற்பட்டியலையும் அப்படியே ஒட்டாதீர்கள். சாட்ஜிபிடி உருவாக்கிய, எங்கும் இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நியூயார்க் நீதிமன்றம் 2023இல் 5,000 டாலர் அபராதம் விதித்தது. நூலை எடுத்துப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடிய பாட்டியைத் 'தகவலாளி 3' என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். பெயரை வெளியிடலாமா என்று அவரையே கேளுங்கள். சம்மதித்தால் பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதுங்கள். ஒலிப்பதிவைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். துறை நூலகத்தில் ஒரு படி கொடுங்கள். இணையப் பக்கமானால், படித்த அன்றே, இணையப் பக்கங்களின் படிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் தேடினால் பக்கம் இருக்காது.