ஹாக்கி அணியை மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோகுமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

போன பனிக்காலத்தில் நியூ இங்கிலாந்தில் ஒரு சின்னக் கல்லூரி என்னைக் கூப்பிட்டிருந்தது. 1,100 மாணவர்கள், பழைய செங்கல் கட்டடங்கள், வாசலில் முழங்கால் அளவு பனி. கல்லூரிகளின் வரவு செலவைப் பார்த்துக் கருத்துச் சொல்வதுதான் 14 வருடமாக என் வேலை. அன்றைக்குப் பேச இருந்தது ஒரே விஷயம்: ஐஸ் ஹாக்கி அணியை மூன்றாம் டிவிஷனிலிருந்து மேலே கொண்டுபோகலாமா? அணி இரண்டு வருடமாக நன்றாக ஆடுகிறது, பழைய மாணவர் ஒருவர் பெரிய தொகை தருகிறேன் என்கிறார், போர்டு உறுப்பினர்கள் எல்லார் முகத்திலும் ஒரு மலர்ச்சி. இதே கேள்வியோடு என்னிடம் வந்த நான்காவது கல்லூரி அது. அதனால்தான் இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அமெரிக்காவில் கல்லூரி போர்டுகளில் இருக்கும் நம்மவர்களுக்கும், டொரோண்டோ, பாஸ்டன் பக்கம் பிள்ளையை விடிகாலை ஐந்து மணிக்கு ஐஸ் ரிங்க்குக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்கும் இது உதவும்.

ஹாக்கி என்றதும் நமக்குக் கோவில்பட்டியும் மண் மைதானமும் நினைவுக்கு வரும். இது வேறு ஆட்டம், இதன் செலவும் வேறு.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அறையில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் மூன்று டிவிஷன்கள். மூன்றாவதில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரக் கூடாது. முதலாவதில் தரலாம், தராமல் போட்டியில் நிற்பது கடினம். மூன்றாம் டிவிஷன் கல்லூரி இன்றைக்கு ‘ஹாக்கியை மட்டும் மேலே தூக்கிக்கொள்கிறேன்’ என்று கிளம்ப முடியாது. கிளார்க்சன், செயின்ட் லாரன்ஸ், ஆர்பிஐ, யூனியன் மாதிரிக் கல்லூரிகள் மற்ற ஆட்டங்களை மூன்றாம் டிவிஷனில் வைத்துக்கொண்டு ஹாக்கியை மட்டும் முதலாவதில் ஆடுகிறார்களே என்றால், அவர்கள் எல்லாரும் பழைய விதிக் காலத்திலேயே உள்ளே போனவர்கள். இப்போது போக நினைப்பவர்கள் கல்லூரியின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்து டிவிஷன் மாற்ற வேண்டும்.

சரி, இரண்டாம் டிவிஷனுக்குப் போய்ப் பார்க்கலாம் என்பார்கள். ஆண்கள் ஹாக்கியில் இரண்டாம் டிவிஷனுக்கு என்சிஏஏ நடத்திய தேசியப் போட்டி 1999-ஓடு நின்றுவிட்டது. கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டு. நார்த்ஈஸ்ட்-10 என்ற கான்ஃபரன்ஸில் செயின்ட் ஆன்செல்ம், அஸம்ப்ஷன், செயின்ட் மைக்கேல்ஸ் மாதிரிக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடித் தங்கள் கோப்பையை வாங்கிக்கொள்கிறார்கள், அதற்கு மேல் போக வழி கிடையாது. பெண்கள் அணியின் நிலைமை வேறு. அங்கே முதல், இரண்டாம் டிவிஷன்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தேசியப் போட்டி, அதனால் அவர்களுக்கு வழி உண்டு. ஆனால் ஆண்கள் அணியின் பையனுக்கு ‘மேலே போகிறோம்’ என்று சொல்லிவிட்டு, நேற்றுவரை அவனுக்கு இருந்த தேசியப் போட்டி வாய்ப்பை நாமே எடுத்துவிடுகிறோம். அதை அவனிடம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். இதற்கெல்லாம் அப்புறம்தான், இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டு ஹாக்கியை மட்டும் முதலாவதில் ஆடும் வழி திறக்கும்.

இப்போது பணம். சின்னத் தனியார் கல்லூரி வண்டியை ஓட்டுவது மாணவர் கட்டும் கட்டணத்தை வைத்துத்தான். அச்சிட்ட கட்டணத்தை யாரும் முழுசாகக் கட்டுவதில்லை, முதல் வருட மாணவர்களுக்குப் பாதிக்கு மேல் தள்ளுபடி போவது சாதாரணம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தள்ளுபடி போக ஒரு மாணவர் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 34,000 டாலர் கட்டுகிறார் என்று வையுங்கள். மூன்றாம் டிவிஷன் அணியில் 28 பேர். ஆக 9,52,000 டாலர் வரவு. கோச், பஸ், ஸ்டிக், ரிங்க் எல்லாம் சேர்த்து 5 லட்சம் செலவு என்றால், ஹாக்கி கல்லூரிக்கு நாலரை லட்சம் கொண்டுவருகிறது. அந்த 28 பேரில் பெரும்பாலானவர்கள் ஹாக்கி இல்லாவிட்டால் அந்தக் கல்லூரிப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மிச்சிகனில் அட்ரியன் கல்லூரி 2005-க்கு அப்புறம் சொந்த ரிங்க் கட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட ஹாக்கி அணிகள் வைத்து மாணவர் எண்ணிக்கையை ஏற்றியது இந்த வழியில்தான். 2022-ல் மூன்றாம் டிவிஷன் தேசியப் பட்டமும் அவர்களுக்குக் கிடைத்தது.

அதே அணியை முதல் டிவிஷனில் வையுங்கள். அங்கே ஆண்கள் ஹாக்கிக்கு நீண்ட நாள் இருந்த உச்சவரம்பு 18 முழு ஸ்காலர்ஷிப். 18 பேர் கட்டணம் நின்றுபோகிறது, 6,12,000 டாலர். மீதி 10 பேர் கட்டுவது 3,40,000. ஆட்டங்கள் 25-லிருந்து 34 ஆகின்றன, பஸ் போன இடத்துக்கு விமானம், முழுநேர உதவி கோச்கள், பயிற்சி மருத்துவர், வீடியோ பார்க்க ஒருவர். செலவு 14 லட்சம் என்று குறைத்தே வைக்கிறேன். நாலரை லட்சம் கொடுத்துக்கொண்டிருந்த அணி இப்போது வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கேட்கிறது. போன வரவும் வந்த செலவும் சேர்த்தால் வித்தியாசம் 15 லட்சம், வருடா வருடம். ‘ஸ்காலர்ஷிப் என்பது கைக்காசு இல்லையே, காலி இடத்தைத்தானே கொடுக்கிறோம்’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு, விடுதி அறை எப்படியும் காலியாகக் கிடந்தால். ஆனால் நேற்றுவரை அந்த அறைக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது இதே ஹாக்கிப் பையன்தான்.

இன்னொன்று, 1972-ன் டைட்டில் ஒன்பது சட்டம். ஆண்களுக்குக் கொட்டும் ஸ்காலர்ஷிப்புக்கு ஈடாகப் பெண்கள் பக்கமும் போட்டாக வேண்டும். போட வேண்டியதும்தான். ஆனால் என்னிடம் வந்த திட்ட அறிக்கைகளில் இரண்டில் பெண்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை. அந்த இரண்டையும் அப்படியே திருப்பி அனுப்பினேன்.

அந்தக் கல்லூரியில் கூட்டத்துக்கு முந்தின நாள் ரிங்க்கைப் பார்க்கப் போனேன். 26 வருடமாக ஜாம்போனி என்கிற ஐஸ் சமன்செய்யும் வண்டியை ஓட்டுகிற ஒரு பெரியவர் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே கம்ப்ரஸர் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. குழாய் மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, குளிரூட்டும் கேஸ் நிரப்பிய தேதியையெல்லாம் மார்க்கரில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். முதல் இரண்டு தேதிக்கு நடுவே மூன்று வருடம், அப்புறம் ஒன்றரை வருடம், கடைசி இரண்டுக்கு நடுவே ஐந்தே மாதம். அது ஆர்-22 கேஸில் ஓடும் பழைய இயந்திரம். ஓசோன் காரணத்தால் 2020 ஜனவரி முதல் அமெரிக்காவில் அந்த கேஸைப் புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது, பழைய இயந்திரங்களிலிருந்து மீட்டதையும் கையிருப்பையும்தான் வாங்க வேண்டும். பெரியவர் என் காதருகே வந்து, “இதைப் பற்றி மேலே யாரும் என்னிடம் கேட்கவே இல்லை” என்றார். மறுநாள் போர்டுக்கு வந்த 40 பக்கத் திட்டத்தில் புதிய ஸ்கோர்போர்டு இருந்தது, வீரர்களின் உடைமாற்றும் அறைக்கு வரைபடம் இருந்தது. குளிரூட்டும் இயந்திரம் இல்லை. அந்த டேப்பை நான் போனில் எடுத்த படம்தான் அன்றைக்கு அவர்கள் அதிக நேரம் பார்த்தது.

பணம் இருந்தால் மட்டும் போதாது, நிற்க ஒரு கான்ஃபரன்ஸ் வேண்டும். இதற்கு ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்தைப் பார்த்தால் போதும். 1996-லும் 1998-லும் இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்ற அணி, தெற்கே ஹாக்கியே இல்லாத ஊரில் இருந்துகொண்டு முதல் டிவிஷனுக்குப் போனது. 2010-ல் அவர்கள் இருந்த கான்ஃபரன்ஸின் ஆண்கள் பிரிவு கலைந்தது. மூன்று வருடம் தனியாக அலைந்து, 2013-ல் டபிள்யூசிஹெச்ஏ என்ற இன்னொரு கான்ஃபரன்ஸில் இடம் கிடைத்தது. 2019-ல் அந்தக் கான்ஃபரன்ஸின் ஏழு கல்லூரிகள் விலகித் தங்களுக்கென்று புதிய கான்ஃபரன்ஸ் தொடங்கப்போவதாக அறிவித்தன, ஹன்ட்ஸ்வில்லை அழைக்கவில்லை. 2020 மே மாதம் அணியை நிறுத்துகிறோம் என்றார்கள், பழைய வீரர்களும் ரசிகர்களும் சில நாட்களில் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். அடுத்த மே மாதம் மறுபடி நிறுத்தினார்கள். சேர்த்துக்கொள்ள எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லை.

ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கன் இன்டர்நேஷனல் கல்லூரியைச் சொல்வேன். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் சின்னக் கல்லூரி, இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டு ஹாக்கியை முதலாவதில் ஆடியது. 2019 தேசியப் போட்டியில் முதலிடத் தகுதியோடு வந்த செயின்ட் கிளவுட் ஸ்டேட்டை 2-1 என்று தோற்கடித்தார்கள். ஹாக்கி பார்க்கிறவர்கள் அந்த இரவை மறக்க மாட்டார்கள். 2021, 2022-லும் தேசியப் போட்டிக்குப் போனார்கள். 2024 நவம்பரில் அதே கல்லூரி, 2025-26 முதல் ஹாக்கி அணியை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்குவதாக அறிவித்தது. அதை ஒரு தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், தன் கணக்கைப் பார்த்து இறங்கி வருவதற்கும் தைரியம் வேண்டும். ஆனால் ஏறும்போதே இறங்கும் வழியைப் போட்டு வைத்த திட்ட அறிக்கை ஒன்றைக்கூட என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

ஏறி நின்றவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரி, இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள்தான். 1991-ல் முதல் டிவிஷனுக்குப் போய், 2014-ல் மின்னசோட்டாவை 7-4 என்று வென்று தேசியப் பட்டம் எடுத்தது, அதுவும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத காலத்தில். அவர்கள் சேர்ந்த இசிஏசி கான்ஃபரன்ஸில் பாதி, ஹார்வர்ட், யேல், கார்னெல் மாதிரி விளையாட்டு ஸ்காலர்ஷிப் தராத ஐவி கல்லூரிகள். பெரும்பாலும் பஸ்ஸிலேயே போய் வரும் தூரம், அப்போது வளாகத்திலேயே 1975-ல் கட்டிய சொந்த ரிங்க் இருந்தது. அப்படியிருந்தும் பட்டத்துக்கு 23 வருடம் ஆனது. மற்றவர்கள் பெரும் நன்கொடையால் நின்றவர்கள்: பென் ஸ்டேட்டுக்கு 8.8 கோடி டாலர், அரிசோனா ஸ்டேட்டுக்கு 3.2 கோடி. மின்னசோட்டாவில் செயின்ட் தாமஸ் 2021-ல் மூன்றாவதிலிருந்து நேராக முதலாவதுக்குப் போனது. முதல் வருடம் ஹாக்கியில் மூன்றே வெற்றி. அப்புறம் புதிய அரங்குக்கு ஒரு தம்பதி 7.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்த மாநிலத்தின் மிகப் பெரிய தனியார் பல்கலைக்கழகம் அது. 1,100 மாணவர்கள் உள்ள கல்லூரி அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

அந்த உதாரணங்களும் இப்போது பழசாகிக்கொண்டிருக்கின்றன. 2025 ஆகஸ்ட் முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் என்கிற உயர்மட்ட இளையோர் லீக் வீரர்கள் முதல் டிவிஷனில் ஆடலாம். முன்பு அவர்களுக்கு அனுமதி இல்லை. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட வழக்கில் அதே வருடம் ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணிக்கு 26 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது, வீரர்களுக்கு நேரடியாகப் பணமும் தரலாம். அதாவது நான் மேலே போட்ட 18 பேர் கணக்குகூட இப்போது குறைவுதான். இன்னொரு பக்கம் அமெரிக்காவில் அதிகக் குழந்தைகள் பிறந்தது 2007-ல், 43 லட்சம். அவர்களுக்கு 2025-ல் 18 வயது. அதற்கப்புறம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் வருடா வருடம் குறைவார்கள். மூன்றாம் டிவிஷனில் ஹாக்கி ஆடிய பெக்கர் கல்லூரி 2021-ல் மூடப்பட்டது, ஃபின்லாண்டியா 2023-ல். கட்டணம் கட்டும் 28 மாணவர்களை ஒரு கல்லூரி எளிதாக விட்டுக்கொடுக்கக்கூடிய காலம் இல்லை இது.

அதனால் போர்டில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கான்ஃபரன்ஸ் அழைப்பு கடிதமாகக் கையில் இருக்கிறதா? நன்கொடை ஒரே தடவை கட்டடத்துக்கு வருகிறதா, இல்லை வங்கியில் மூலநிதியாகப் போட்டு அதன் வருமானத்தில் வருடா வருடம் 15 லட்சம் எடுக்கும் அளவுக்கு வருகிறதா? வருடத்துக்கு 5 சதவீதம்தான் எடுக்க முடியும் என்றால் அதற்கு 3 கோடி டாலர் மூலநிதி வேண்டும். நான் பார்த்த கல்லூரிக்கு வந்தது 40 லட்சம். மூன்று வருடம்கூடத் தாங்காது. நன்கொடையாளரிடம் நேராகப் பேசுங்கள் என்றேன். பேசினார்கள், அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. முதலில் குளிரூட்டும் இயந்திரம், அப்புறம் பெண்கள் அணி என்று அவரே வரிசை மாற்றிக் கொடுத்தார். அணி மூன்றாம் டிவிஷனிலேயே ஆடுகிறது.

பெற்றோருக்கும் ஒன்று. ஹாக்கிப் பிள்ளைகள் பள்ளி முடித்து ஒன்றிரண்டு வருடம் ஜூனியர் லீகில் ஆடிவிட்டு, 20 வயதில்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். நடுவில் அணி நின்றால் இன்னொரு இடம் தேட அவர்களுக்கு நேரம் குறைவு. ‘நாங்கள் மேலே போகிறோம்’ என்று சொல்லும் கல்லூரியில் சேர்க்கும்போது, அணி நின்றாலோ டிவிஷன் மாறினாலோ பட்டம் முடியும்வரை அதே உதவித்தொகை தொடருமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கோச் சொன்னது போதாது, கையெழுத்து நிதி உதவி அலுவலகத்திலிருந்து வர வேண்டும்.