யாருக்குப் பாஸ் போகவில்லை?

கல்லூரி மாணவர்களுக்குக் கூடைப்பந்து பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பிள்ளைகளுக்கு ‘குளோரி ரோடு’ படம் போட்டுக் காட்டுவேன். 2006இல் வந்தது. 1966 அமெரிக்கக் கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் வெஸ்டர்ன் அணி ஐந்து கறுப்பின வீரர்களை இறக்கி ஆட்டத்தைத் தொடங்கி, வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கியை 72-65 என்று ஜெயித்த கதை.

படத்தில் எல்லாம் ஒரே சீசனில் முடிந்துவிடும். நிஜத்தில் டெக்சஸ் வெஸ்டர்ன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் அந்தக் கல்லூரியின் ஊரான எல் பாசோவுக்கு வந்தது 1961இல். கோப்பை கிடைத்தது ஐந்தாவது சீசனில். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் ஒரு நல்ல பேச்சு பேசிவிட்டால் பையன்கள் மாறிவிடுவார்கள் என்று நானும் நம்பியவன்.

சில வருடங்களுக்கு முன் மணிப்பூரிலிருந்து ஒரு மாணவன் அணிக்கு வந்தான். நல்ல வேகம், பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரமே அவன் கண்ணையும் முகத்தையும் வைத்து ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே இருந்ததால் நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். அது என் தவறு. ஒரு நாள் பயிற்சி ஆட்டத்தில் பாஸ்களை எண்ணினேன். கால் மணி நேரத்தில், ஓப்பனாக நின்ற அவனுக்கு வந்தவை இரண்டே இரண்டு. வேற்றுமை வாயில் வருவதற்கு முன்பே கையில் வந்துவிடுகிறது. கோச்சுகள் கேட்க வேண்டியது வசவுகளை மட்டுமல்ல, பார்க்க வேண்டியது பந்து எங்கே போகவில்லை என்பதையும்தான்.

பட்டப்பெயரை ஆரம்பித்தவன் யார் என்று விசாரித்தேன். மூன்றாம் ஆண்டுப் பையன், எங்கள் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். புதியவன் ஆடுவதும் அதே இடம். வெறுப்பு என்று நான் நினைத்ததில் பாதி, இடம் போய்விடுமோ என்ற பயம்.

அவனைத் தனியாக அழைத்து ஜெர்ரி ஆர்ம்ஸ்ட்ராங் பற்றிச் சொன்னேன். டெக்சஸ் வெஸ்டர்னின் வெள்ளை வீரர். அரையிறுதியில் யூட்டாவின் நட்சத்திரம் ஜெர்ரி சேம்பர்ஸைத் தடுக்க இறக்கப்பட்டவர். இறுதி ஆட்டத்தில் இறங்கிய ஏழு பேரும் கறுப்பினத்தவர்கள், அதனால் இவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆனாலும் அந்தக் கோப்பை அவருடையதும்தான். பையன் ஒன்றும் பேசவில்லை.

பட்டப்பெயருக்குத் தடை போட்டேன். அப்புறம், ஐந்து பேரும் பந்தைத் தொடாமல் போட்ட கூடைக்குப் புள்ளி கிடையாது என்று பயிற்சியில் விதி வைத்தேன். முதலில் முணுமுணுப்புதான். இரண்டு டோர்னமென்ட் தாண்டிய பிறகு ஒரு மாலை ஆட்டத்தில், மாற்றப்பட்டு வெளியே வந்த அந்த சீனியர் பெஞ்சிலிருந்து எழுந்து, உள்ளே ஆடுகிறவனை அவன் சொந்தப் பெயர் சொல்லி அழைத்து, “இடது பக்கம் ஆள் ஃப்ரீ!” என்று கத்தினான்.