பிரேக் புடிக்கலையா? பெரிய டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஒர்க்‌ஷாப்புக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் "அண்ணே பிரேக் சுத்தமா புடிக்கல, பெரிய டிஸ்க் போட்டுடலாமா, ஓட்டை போட்ட டிஸ்க் நல்லாருக்குமாமே"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் பதிலுக்கு ரெண்டே கேள்விதான் கேப்பேன், டயர் எப்ப மாத்துனீங்க, பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க. முதல் கேள்விக்கு யோசிச்சு ஏதாவது சொல்லிடுவாங்க, ரெண்டாவதுக்கு "அதெல்லாம் மாத்தணுமா"ன்னு நம்மளையே திருப்பிக் கேப்பாங்க.

பிரேக் நிறுத்துறது சக்கரத்தைத்தான், வண்டியை நிறுத்துறது டயர். ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ் (சக்கரம் சுத்தாம இறுகிடாம பார்த்துக்குற அமைப்பு) கடகடன்னு வேலை செய்யுதுன்னா பிரேக்ல பவர் போதுமானது இருக்குன்னு அர்த்தம், ரோட்டைப் புடிக்கத்தான் டயரால முடியல. அங்க பெரிய டிஸ்க் போட்டாலும் வண்டி நிக்கிற தூரம் குறையாது, அது சூட்டைத் தாங்கத்தான் உதவும், தினமும் ஆபீஸ் போற வண்டிக்கு தேவையே இல்ல. டயர் பட்டன் தேஞ்சு 1.6 மில்லிமீட்டர் ஆகுற வரைக்கும் ஓட்டலாம்னு சட்டம் சொல்லுதுதான், ஆனா 3 மில்லிமீட்டருக்குக் கீழ போனாலே மழை ரோட்ல வித்தியாசம் தெரிய ஆரம்பிச்சிடும். பட்டன் நல்லாருந்தாலும் ரப்பர் வயசாகி கல்லு மாதிரி ஆகியிருக்கும், டயர் ஓரத்துல இருக்குற தேதி கோட்ல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம்.

அடுத்தது பிரேக் ஆயில். இது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட்ங்கிறது பிரேக் ஆயிலோட ரகத்தைச் சொல்ற நம்பர், புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி சூடு வரைக்கும் கொதிக்கக்கூடாதுன்னு கணக்கு, ஈரம் ஏறிட்டா அந்த அளவு 140க்கு வந்துடும், டாட் 4னா 230ல இருந்து 155. மலை இறங்கும்போது கியர்ல இறங்காம பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா ஆயில் கொதிச்சு உள்ள ஆவி சேரும், பெடல் சொத்துன்னு தரைக்குப் போயிடும். புது ஆயில் லேசான மஞ்சள்ல இருக்கும், வருஷக்கணக்கா மாத்தாத வண்டியில பிளீட் பண்ணா, அதாவது பழைய ஆயிலை வெளிய எடுத்தா, டியூப்ல கருத்துப்போயி வரும், ஆனா கலரை மட்டும் நம்பாதீங்க, தெளிவா இருக்குற ஆயில்லயும் ஈரம் இருக்கும். பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க, மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. முக்கியமா டாட் 5ங்கிறது சிலிக்கான், மத்ததோட கலக்கவே கூடாது. 5.1 வேற, அது 3, 4 ரகத்தைச் சேர்ந்தது. நம்பர் வெச்சவன் யாரோ, இன்னைக்கு வரைக்கும் எல்லாரையும் குழப்புறான்.

செலவே இல்லாம பெரிய பலன் குடுக்குறதுன்னா என் கணக்குல காலிப்பர் பின்தான். டிஸ்கை ரெண்டு பக்கமும் பேட் வெச்சு அமுக்கிப் புடிக்கிறது காலிப்பர், அது நகர்றதுக்கு இருக்குற கம்பிதான் பின். பேட் கழட்டிப் பார்த்தா உள்பக்க பேட் இரும்பு வரைக்கும் தேஞ்சிருக்கும், வெளிப்பக்கத்துல பாதி அப்படியே இருக்கும். பல நேரம் பின் துருப்புடிச்சு இறுகி காலிப்பர் நகராம நின்னிருக்கும், நல்லா நகர்ற பின்னை கையாலயே இழுத்துரலாம், இதை ராடு வெச்சுத் திருகித்தான் எடுக்கணும். துருவைச் சுத்தம் பண்ணி சூடு தாங்குற சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுனா போதும், சாதா கிரீஸ் வேணாம், பின்னை மூடியிருக்குற ரப்பர் உறை உப்பிப்போயி மறுபடி இறுகிடும்.

பேட் வாங்கும்போது நல்ல கம்பெனி பேடா வாங்குங்க, ரேஸ் பேட் வேணாம், அது சூடாகுற வரைக்கும் ஒழுங்கா புடிக்காது. டிஸ்க்லயும் குறைஞ்சபட்ச தடிமன் பொறிச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ போயிருந்தா புது பேட் போட்டு பிரயோஜனம் இல்ல. புது பேடை காலி ரோட்ல செட் பண்ணணும், 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 15 வரைக்கும் கொஞ்சம் அழுத்தி வேகத்தைக் குறைங்க, முழுசா நிறுத்தாதீங்க, இடைவெளி விட்டு எட்டு பத்து தடவை இப்படிப் பண்ணிட்டு அப்புறம் பிரேக் தொடாம ஆற விட்டு ஓட்டுங்க, பேட் கம்பெனி வேற மாதிரி சொல்லியிருந்தா அதுபடி பண்ணுங்க.

பின்னாடி டிஸ்குக்குப் பதிலா டிரம் பிரேக் இருக்குற வண்டின்னா அட்ஜஸ்டர் (தேயத் தேய இடைவெளியைச் சரிபண்றது) ஒழுங்கா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, ஹேண்ட் பிரேக் ரொம்ப மேல வரைக்கும் வந்தாலே அங்க வேலை இருக்குன்னு தெரிஞ்சிக்கலாம்.

வீட்லயே பேட் மாத்துறவங்களுக்கு ஒண்ணு, பேடை அமுக்குற பிஸ்டனை உள்ள தள்ளிட்டுத்தான் புது பேட் போட்டிருப்பீங்க, அதனால முதல் மிதியில பெடல் காலியா உள்ள போகும். வண்டி நின்ன இடத்துலயே பெடல் கெட்டியாகுற வரைக்கும் பம்ப் பண்ணி, ஆயில் லெவலையும் பார்த்துட்டு அப்புறம் கியர் போடுங்க.