காயலான்கடை டிரக்: இருப்பதைப் பார்க்காதீர்கள், இல்லாததை எண்ணுங்கள்

"காயலான்கடையில ஒரு பழைய டிரக் கிடக்குதுண்ணே. இன்ஜின் இல்ல, சீட்டு இல்ல, வயரிங்கை அறுத்துட்டாங்க. ஆனா பாடி நல்லா இருக்கு, விலையும் கம்மி. எடுத்துரலாமா?"

பழைய வண்டிகளைச் சீரமைக்கும் பட்டறை நடத்துவதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. கூடவே கைப்பேசியில் படமும் வரும். முன்பக்கம் கொஞ்சம் சாய்வாக நின்று, கிரில்லும் பானட்டும் எடுப்பாகத் தெரிகிற மாதிரி எடுத்த படம். வண்டிக்கு அடியில் குனிந்து எடுத்த படம் ஒன்றுகூட அதில் இருக்காது.

இன்ஜின் இல்லை என்பதற்காக ஒரு வண்டியை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இன்ஜின் தனியாகக் கிடைக்கும், பிரித்து வேலை பார்க்கலாம், இன்னொரு மாடல் இன்ஜினைக்கூடப் பொருத்தலாம். பாடி பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக வாங்கச் சொன்னதும் இல்லை. நான் பார்ப்பது மூன்று விஷயங்களை: சேஸிஸ் நம்பர், சேஸிஸ் (வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம்), பிறகு அந்த வண்டியில் இல்லாத சின்னச் சின்னச் சாமான்கள்.

முதலில் நம்பர். காசைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். சேஸிஸ் பட்டத்தில், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டத்தில், குத்தியிருக்கும் எண்ணும், கேபினில் தகட்டில் அடித்திருக்கும் எண்ணும், விற்பவர் கையிலிருக்கும் காகிதமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். உரித்துப்போட்ட வண்டியில் கேபின் ஒரு வண்டியுடையதாகவும் சேஸிஸ் வேறு வண்டியுடையதாகவும் இருப்பது சாதாரணம். அமெரிக்காவில் 1981 மாடல் முதல் இந்த எண் 17 இலக்கமாக நிலைப்பட்டுவிட்டது. மற்ற நாடுகளும் பெரும்பாலும் அதே முறைக்கு வந்தன. அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதால். 17 இலக்க எண்ணில் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், எழுதியவர் தப்பாக எழுதியிருக்கிறார், அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள். எண் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கிரைண்டர் கீறல், புதுப் பெயின்ட், மாற்றிய ரிவெட் இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். திருட்டு வண்டியின் எலும்புக்கூட்டை வாங்கிவிட்டு எத்தனை மாதம் உழைத்தாலும் அது உங்கள் வண்டி ஆகாது.

இன்னொன்று, அழிப்புச் சான்றிதழ். உடைக்க வந்த வண்டிக்கு அந்தச் சான்றிதழ் எழுதப்பட்டுவிட்டால் பல நாடுகளில் அதை மறுபடி பதிவு செய்யவே முடியாது. பிரிட்டனில் ஏ பிரிவு என்று முத்திரை விழுந்த வண்டியை முழுதாக நசுக்கியே ஆக வேண்டும். பி பிரிவு என்றால் பாகங்களைக் கழற்றி விற்கலாம், கூடு சாலைக்குத் திரும்பக் கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று பதிவு அலுவலகத்தில் அந்த எண்ணைக் கொடுத்தே கேளுங்கள். "காகிதம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று கடைக்காரர் சொன்னால், காசும் அப்புறம்தான்.

அடுத்தது சேஸிஸ். டார்ச், சுத்தியல், குத்தூசி, நீள டேப், பழைய துணி. இவை போதும். வண்டி முட்டுக்கட்டையில் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே துணியை விரித்துப் படுத்துத் தலையை உள்ளே கொடுங்கள். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

சுத்தியலால் பட்டத்தின் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடம் மொத்தையாக 'டப்' என்று கேட்கும். உள்ளே சேறு அடைத்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அதனால் சத்தம் மாறிய இடத்தில் சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு மிச்சமில்லை. மேலாகப் பொடிப்பொடியாக உதிரும் சிவப்புத் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், கம்பி பிரஷுக்குப் போய்விடும். அடுக்கடுக்காக, தகடு தகடாகக் கழன்று வருகிற துருதான் ஆபத்து. இரும்பு துருவானால் பல மடங்கு உப்பும். இரண்டு தகடு சேர்த்து ரிவெட் அடித்த இடத்தில் நடுவே துரு புகுந்தால், அந்த உப்பலே தகடுகளைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவில் தகடு அலை அலையாக வீங்கித் தெரிந்தால் உள்ளே பாதி இரும்பு போய்விட்டது என்று அர்த்தம். கறுப்புப் பெயின்டைப் புதிதாக அடித்து இதை மறைத்திருப்பார்கள். அந்த அலையைப் பெயின்ட் மறைக்காது; டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட்டுகள், பின் ஆக்ஸிலுக்கு மேலே பட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், கேபின் மவுன்ட்டுகள். இந்த நான்கிலும் கூடுதல் நேரம் செலவழியுங்கள். சேறு தங்குவதும் பாரம் விழுவதும் இங்கேதான். பட்டம் பெட்டி மாதிரி மூடியதாக இருந்தால் துளைவழியாகக் கைப்பேசிக் கேமராவை விட்டு உள்ளே பாருங்கள். வெளியில் அழகாக இருந்து உள்ளிருந்து தின்றுகொண்டு வருவது இந்த வகைதான். பெயர்பெற்ற கம்பெனி வண்டி என்று நம்பவும் வேண்டாம். டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸிஸ் துரு பற்றி அமெரிக்காவில் நடந்த வழக்கு 2016-ல் சமரசத்துக்கு வந்தபோது, அதில் அடங்கிய வண்டிகள் சுமார் 15 லட்சம்.

பிறகு டேப்பை எடுங்கள். இடது பட்டத்தின் முன் துளையிலிருந்து வலது பட்டத்தின் பின் துளைக்கு ஓர் அளவு, மறுபக்கம் அதே துளைகளுக்குக் குறுக்காக இன்னோர் அளவு. சில மில்லிமீட்டர் வித்தியாசம் பழைய வண்டியில் இருக்கத்தான் செய்யும். ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தால் எங்கேயோ மோதி சேஸிஸ் கோணிவிட்டது. கோணலை நிமிர்த்தும் வேலை இருக்கிறது, ஆனால் அதற்கு ஆகும் கூலியைக் கேட்டபின் பலர் வண்டியை மறந்துவிடுவார்கள். ஓட்டை விழுந்தால் பற்றவைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: கனரக வண்டிகள் பலவற்றில் பட்டம் சூடேற்றிப் பதப்படுத்திய உறுதியான எஃகு. வெல்டிங் வெப்பம் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். பற்றவைக்காதே, மேல்கீழ் விளிம்பில் துளை போடாதே என்று அந்தப் பட்டத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பாரம் ஏற்றி வேகத்தில் போகும்போது அந்த ஒட்டு விட்டுப்போனால் உங்களோடு முடிகிற விஷயமில்லை, எதிரே வருகிற குடும்பமும் அதில் சேரும்.

கேபினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவுக்குக் கீழுள்ள ராக்கர், தரைத்தகடு, கேபினின் பின்மூலைகள் துருப்பிடித்திருந்தால் பிரபல மாடல்களுக்கு ஒட்டுத் தகடு வாங்கி டிங்கரிங் செய்துவிடலாம். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் தொட்டி போன்ற பகுதி அழுகியிருந்தால் வேறு கதை. இலை அடைத்து, தண்ணீர் தேங்கி, உள்பக்கமாக அரித்திருக்கும். அதைத் தொட வேண்டுமானால் டேஷ்போர்டு முதல் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கதவைத் திறந்து அதன் நுனியை மேலே தூக்கிப் பாருங்கள். கீல்முளை மட்டும் ஆடினால் சின்னச் செலவு. கீல் மாட்டிய தூணே சேர்ந்து அசைந்தால் அந்தக் கேபின் வேண்டாம். பட்டி தடவிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும், அங்கே அது சரியாக ஒட்டாது.

இப்போது, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன்.

ஒரு கதவை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் கதவு முழுசாக இருக்கும். உள் அட்டையை நீக்கிப் பாருங்கள். கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளம், உள்ளும் வெளியும் துடைக்கும் இரண்டு ரப்பர் பட்டைகள், பூட்டு, சாவித்துளை, உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி, இவற்றைப் பூட்டோடு இணைக்கும் கம்பிகள், கம்பியின் நுனியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள், கதவு அதிகம் திறக்காமல் தடுக்கும் பட்டை. உரித்த வண்டியில் இவற்றில் பாதி இருக்காது. கம்பியின் வளைவு மாடலுக்கு மாடல் மாறும். பழைய மாடலுக்கு அந்த ஒரு கம்பி தனியாக எங்கும் விலைக்கு வராது, இன்னொரு முழுக் கதவை வாங்கினால்தான் கிடைக்கும். இரண்டு கதவுக்கும் இப்படி. பிறகு பெடல் கூட்டம், ஸ்டியரிங் காலம், பானட் கீல், ரேடியேட்டர் தாங்கி, ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஹீட்டர் பெட்டி, மீட்டர் போர்டு என்று நீண்டுகொண்டே போகும். இன்ஜினைத் தேடி ஒரு வாரத்தில் பிடித்துவிடுகிற வாடிக்கையாளர்கள், ஒரு பிராக்கெட்டுக்காக மாதக்கணக்கில் அலைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டறை மூலையில் பாதியில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் இன்ஜினுக்காக நிற்பதில்லை.

வயரிங் அறுபட்டிருந்தால் வண்டியின் வயதைப் பாருங்கள். மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய டீசல் இன்ஜினை ஓட வைக்க மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை. விளக்குகளுக்குப் புதிய வயரிங் இழுப்பதும் நல்ல எலக்ட்ரீஷியனுக்குச் சிரமமில்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பிந்தைய மாடல் என்றால் கதை வேறு. கட்டுப்பாட்டுப் பெட்டி, சாவி, மீட்டர் ஆகியவை ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் பல மாடல்கள் ஸ்டார்ட்டே ஆகும். வயரிங்கும் பெட்டியும் போய்விட்ட அப்படியொரு வண்டியைச் சீரமைக்க வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் உயிர் போயிருக்கிறது. பழைய டிரக்கின் சக்கரத்தில் டயரை லாக் ரிங் போட்டுப் பிடித்திருக்கும் பல துண்டு ரிம் இருந்தால், நட்டைத் தொடுவதற்கு முன் வால்வின் உள்முனையைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கிவிடுங்கள். துருப்பிடித்த ரிங் தெறித்தால் பல டன் விசையோடு வரும். ஒரு ரிம்மின் ரிங்கை இன்னொன்றுக்கு மாட்டவே கூடாது. இந்த ரிம்முக்குக் கூண்டு போன்ற தடுப்புக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. பழக்கமுள்ள டயர்க் கடையிடம் விட்டுவிடுவது நல்லது. காலி டீசல், பெட்ரோல் டாங்க் அருகே வெல்டிங், கட்டிங் வேண்டாம். எண்ணெய் தீர்ந்தாலும் ஆவி உள்ளே இருக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்துவிட்டு அதே இடத்தில் பற்றவைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: இருப்பது, இருந்தும் வேலை பார்க்க வேண்டியது, இல்லாதது. மூன்றாவது பத்தியில் ஒவ்வொன்றுக்கும் விலையை விசாரித்து எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். கடைசியில் ஏற்றிவரும் வாடகையைச் சேருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வியாபாரத்தில் நிஜமாகவே நடக்கும். அந்தக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில், இதே மாடலில் ஓடுகிற நிலையில், அழகில்லாமல், ஆனால் முழுசாக இருக்கும் வண்டியின் விலையை எழுதுங்கள். பெரும்பாலான நேரம் முழு வண்டியே லாபம். உரித்த வண்டி லாபமாவது, உங்களிடம் ஏற்கெனவே சேஸிஸ் போன இன்னொரு வண்டி இருந்து அதன் சாமான்கள் இதற்குப் பொருந்தும்போது. அல்லது அந்த மாடல் வேறெங்கும் கிடைக்காதபோது. அப்பா ஓட்டிய வண்டி என்றால் கணக்குப் போடாமலே செய்யலாம், அது வேறு. அப்போதும் சேஸிஸ் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாங்குவது என்று முடிவானால், பேரம் முடிவதற்கு முன் கடைக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அந்த வண்டியிலிருந்து கழற்றியவை பல நேரம் அங்கேயே மூலையிலோ, அதன் கேபினுக்குள்ளேயே மூட்டையாகவோ கிடக்கும். அவற்றையும் சேர்த்தே விலை பேசி, சேஸிஸ் நம்பரோடு ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏற்றும் நேரத்தில் கூடவே நில்லுங்கள். ஃபோர்க்லிஃப்டின் முள்ளை ராக்கருக்கு அடியிலோ தரைத்தகட்டிலோ கொடுத்துத் தூக்கினால், நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கேபின் அங்கேயே நசுங்கும். ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் சேஸிஸ் பட்டத்தில் மட்டுமே தூக்கச் சொல்லுங்கள். முடிந்தால் உருளும் சக்கரம் நான்கைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, வின்ச்சில் இழுத்து ஏற்றுங்கள்.