கம்பைலேஷன்: தொகுப்பா, தொகையா, கொள்ளையா?

போன தீபாவளிக்குக் காரைக்குடி வந்திருந்த அண்ணன் மகன் டிவியில் கான்ட்ரா என்கிற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமை விளையாடிக்கொண்டிருந்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிச் சொருகி விளையாடிய அதே கான்ட்ரா. "இது கம்பைலேஷன் சித்தப்பா. பத்து கேம் ஒண்ணா வரும். தள்ளுபடில வாங்குனேன்" என்றான். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவுப் பதம் பார்த்துக்கொண்டிருந்த ஆத்தா அப்படின்னா என்னப்பா என்று கேட்க, "கலெக்‌ஷன் அப்பத்தா" என்று விளக்கம் வேறு. எங்கள் பக்கம் கலெக்‌ஷன் என்றால் வசூல். கலெக்‌ஷனுக்குப் போயிருக்கார் என்றால் ஆள் பொழுது சாய்கிறவரை வரமாட்டார் என்று அர்த்தம். ஆத்தா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டி வைத்திருக்கிற ஊரில் இதற்கு ஒரு சொல் கிடைக்காமலா போகும் என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பழைய மெஷின்களுக்கு எப்போதோ வந்த கேம்கள் பலவற்றை ஒரே டிஸ்க்கிலோ ஒரே டவுன்லோடிலோ கட்டி, புது கன்சோலில் ஓடுகிற மாதிரி செய்து, பெரும்பாலும் புது கேமின் பாதி விலைக்கும் கீழே விற்பதுதான் கம்பைலேஷன். பெட்டியின் மேல் இந்தச் சொல் இருக்காது. கலெக்‌ஷன், ஆன்தாலஜி, மியூசியம், கிளாசிக்ஸ் என்று ஏதாவது இருக்கும். 1993இல் நின்டென்டோ தன்னுடைய நான்கு பழைய மரியோ கேம்களைப் படம் மெருகேற்றி ஒரே கேசட்டில் விட்டது. 1995இல் ஜப்பானில் நாம்கோ மியூசியம் முதல் பாகம் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. ஐந்து பாகங்களின் அட்டையிலும் ஆளுக்கொரு எழுத்து, ஐந்தையும் வரிசையாக வைத்தால் நாம்கோ என்று ஆங்கிலத்தில் படிக்கலாம். ஒன்றை வாங்கியவன் மற்ற நான்கையும் வாங்காமல் தூங்குவானா? வியாபாரம் தெரிந்தவர்கள். 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு செகா தொடங்கிய மறுவெளியீட்டு வரிசைக்கு விலையையே பெயராக வைத்துவிட்டார்கள்: செகா ஏஜஸ் 2500. 2,500 யென் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு மலிவு என்றால், சரக்கு அப்படி. முதல் மரியோ கேம் மொத்தமே 40 கேபி, பழைய கான்ட்ரா 128 கேபி, இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ இவற்றைவிடப் பல மடங்கு பெரிது. செய்த செலவெல்லாம் அன்றைக்கே வந்துவிட்டது. பழைய மெஷினைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளை, அதாவது எமுலேட்டரை, ஒரு முறை ஒழுங்காக எழுதிவிட்டால் அதன் மேல் பத்து கேமும் ஓடும், ஐம்பது கேமும் ஓடும். அந்தக் காலத்துத் துபாஷி மாதிரி அது. பழைய கேம் சொல்லச் சொல்ல அதைப் புது மெஷினுக்குப் புரிகிற பாஷையில் அங்கேயே மாற்றிக்கொண்டிருக்கும். 2015இல் வந்த ரேர் ரீப்ளே 30 கேம், கிட்டத்தட்ட 30 டாலர். கேமுக்கு ஒரு டாலர். எல்லாமே இப்படி மலிவாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மூன்று பழைய மரியோக்களைச் சேர்த்து 2020 செப்டம்பரில் வந்த தொகுப்புக்கு நின்டென்டோ முழு விலை வாங்கியது மட்டுமல்லாமல், 2021 மார்ச் 31உடன் விற்பனையையும் நிறுத்திவிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலக் கம்பைல், பிரெஞ்சு வழியாக லத்தீனில் இருந்து வந்தது. மூலச்சொல் கொம்பிலாரே. பொருள் என்ன தெரியுமா? கொள்ளையடிப்பது. வீட்டைச் சூறையாடுவது. அடுத்தவன் எழுதியதை அள்ளிக்கொண்டு போகிறவனையும் ரோமானியர்கள் இந்தச் சொல்லால்தான் திட்டினார்கள். பிறகு மெல்ல மெல்ல, பல நூல்களில் இருந்து எடுத்துச் சேர்த்து எழுதுவது என்று மரியாதையான பொருளுக்கு வந்துவிட்டது.

இந்தப் பொருளைப் படித்ததும் எனக்கு முனீஸ்வரன் கோயில் தெருதான் நினைவுக்கு வந்தது. காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் ஒரு வீடு இடிபட்டால் அதன் தேக்கு நிலை ஒரு கடையிலும், தூண் இன்னொரு கடையிலும், ரங்கூனில் இருந்து வந்த அரக்குப் பெட்டியும் இனாமல் தூக்குச்சட்டியும் வாசலில் குவியலாகவும் கிடக்கும். ஒரே வீட்டில் இருந்தவை என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊரிலேயே இன்னொரு வீட்டுக்கு ஏசி போட்டு, ஆத்தங்குடிக் கல்லைத் துடைத்து ஹோட்டல் ஆக்கியிருப்பார்கள். கேம் உலகத்தில் ரீமாஸ்டர், அதாவது ஒரு பழைய கேமை மெருகேற்றித் தனியாக விடுவது, அந்த ஹோட்டல். கம்பைலேஷன் இந்தத் தெரு. நான் தெருவைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த நிலை விறகாகியிருக்கும். 2010க்கு முன்னால் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்றைக்குக் கடையில் வாங்கவே கிடைக்காது என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பாக்கி இருக்கிற 13இல் எதையாவது அள்ளிக்கொண்டு வந்து விற்கிறவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தமிழுக்கு வந்தால் எல்லோரும் உடனே சொல்வது தொகுப்பு. தப்பில்லை. ஆனால் தொகுப்பு இப்போது எதற்கும் ஆகிற சொல்லாகிவிட்டது, செய்தித் தொகுப்பு, புகைப்படத் தொகுப்பு, தொகுப்பு வீடு. போதாக்குறைக்குக் கணினிக்காரர்கள் கம்பைலரைத் தொகுப்பி என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். திரட்டு என்றால் பல இடத்தில் இருந்து பொறுக்கிச் சேர்த்தது, தனிப்பாடல் திரட்டு மாதிரி. பல கம்பெனி கேம்களைக் கலந்து கட்டினால் பொருந்தும். கோவை என்றால் வரிசை மாறாமல் கோத்தது. முதல் ஆறு மெகா மேன் கேம்களையும் 2015இல் ஒன்றாக விட்டார்களே, அது கோவை. ஆன்தாலஜிக்குக் கிரேக்கத்தில் பூக்கொய்தல் என்று பொருள், அதனால் கதம்பம் என்று வைக்கலாம், அழகாகத்தான் இருக்கும், ஆனால் 2006இல் வந்த மெட்டல் ஸ்லக் ஆன்தாலஜி முழுக்க டாங்கியும் துப்பாக்கியும்.

என் ஓட்டு தொகைக்கு. ஏன் என்று சொல்ல எங்கள் ஐயாவை இழுக்க வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளில் டிவி கேம் வாங்கினால் கூடவே ஒரு கேசட் தருவார்கள். மேலே 99,99,999 இன் 1 என்று அச்சடித்திருக்கும். ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. அதை வாங்கி வந்த அன்றைக்கு நானும் அண்ணனும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஐயா முகப்பில் இருந்து எழுந்து வந்தார். இளம் வயதில் பினாங்கில் செட்டியார்களின் வட்டிக்கடை இருந்த கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைப் பையனாக, இருந்து கணக்கு எழுதிப் பழகியவர், எண்ணைக் கண்டால் விடமாட்டார். ஒரு சிட்டையை எடுத்துக்கொண்டு, "ஒண்ணொண்ணாப் போடு, நான் குறிச்சுக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். 1 கான்ட்ரா. 2 மரியோ. 3 வாத்து சுடுவது. 12ஆவதில் மறுபடி கான்ட்ரா வந்தது, ஆனால் இரண்டாவது கட்டத்தில் இருந்து. 13இல் மரியோ, கொஞ்சம் அதிகம் உயிரோடு. எல்லாம் அதேதான், பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். நாற்பது வரை பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் கோடு கிழித்து, "ஆட்டம் 11. மீதி எழுத்துக் கணக்கு" என்று எழுதிவிட்டு, "இதுக்கு என்ன தொகை கொடுத்தீங்க?" என்று கேட்டார். அண்ணன் சொன்னதும் சிட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கடைக்காரரிடம் போய்க் கேட்கவெல்லாம் இல்லை.

தொகை என்றால் அவருக்குப் பணம். எங்கள் பக்கத்துப் பழைய கணக்கில் பேலன்ஸ் ஷீட்டுக்குப் பெயரே ஐந்தொகை. அதே தொகைதான் எட்டுத்தொகையிலும் இருக்கிறது, குறுந்தொகையிலும் இருக்கிறது. பலரும் பல காலத்தில் பாடியதை ஒருவர் உட்கார்ந்து சேர்த்தது. சேர்த்தவரைத் தொகுத்தவர் என்றும், செலவு செய்து சேர்க்க வைத்தவரைத் தொகுப்பித்தவர் என்றும் தனித்தனியாகக் குறித்து வைத்தார்கள். ஐங்குறுநூற்றுக்குக் கூடலூர் கிழார் தொகுத்தவர், மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்தவன். அண்ணன் மகன் வாங்கிய 2019ஆம் வருடத்துக் கான்ட்ராவில் எமுலேட்டர் வேலையைச் செய்தது எம்2 என்கிற ஜப்பான் கம்பெனி, பெட்டியில் பெரிதாக இருப்பது கேமை வெளியிட்ட கோனாமி. தொகுத்தவர், தொகுப்பித்தவர். இரண்டு பேருக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் டெவலப்பர் என்று சொல்லிக் கேம் எழுதியவனையும் சேர்த்துக் கட்டியவனையும் குழப்புகிறார்கள்.

மூன்றாவது ஒரு பொருள் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இலக்கணத்தில் தொகை என்றால் மறைந்து நிற்பது. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்திருக்கும், உவமைத்தொகையில் உவம உருபு. தொக்கி நிற்கிறது என்று தமிழ் ஐயா சொல்லிச் சொல்லி அடித்தது நினைவிருக்கும். கம்பைலேஷனிலும் எப்போதும் ஏதோ ஒன்று தொக்கி நிற்கிறது. கிரேஸி டாக்ஸி கேமில் பயணிகள் ஏறியதும் பீட்சா ஹட்டுக்குப் போ, கேஎஃப்சிக்குப் போ என்பார்கள், பின்னால் ஆஃப்ஸ்பிரிங் என்கிற ராக் குழுவின் பாட்டு அலறும். 2010இல் மறுபடி விட்டபோது கடைப் பெயரும் போச்சு, பாட்டும் போச்சு, உரிமம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் வந்த ட்ரீம்காஸ்ட் கலெக்‌ஷனிலும் அந்தக் குறைப் பதிப்புதான். 2022 சோனிக் தொகுப்பில் மூன்றாம் சோனிக்கின் சில பாட்டுகளை மாற்றிவிட்டார்கள். அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்த பழைய சோனிக் கேம்களை இணையக் கடைகளில் இருந்து எடுத்தும் விட்டார்கள். எட்டுத்தொகைக்கும் இந்தக் கதி உண்டு, பரிபாடல் 70 என்று கணக்கு, கையில் இருப்பது 22. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லவே இல்லை.

சேர்த்தல், பணம், மறைதல். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற சொல் இங்கிலீஷில் இல்லை.

அண்ணன் மகன் கேமை நிறுத்தியதும் அந்தப் பத்தையும் நான் எண்ணிப் பார்த்தேன், ஐயா பழக்கிய புத்தி. அமெரிக்கக் கான்ட்ரா ஒன்று, ஜப்பான் கான்ட்ரா ஒன்று. கான்ட்ரா மூன்றாம் பாகம், அதே பாகம் ஐரோப்பாவில் மனிதர்களுக்குப் பதில் ரோபோக்களை வைத்து சூப்பர் புரோபோடெக்டர் என்ற பெயரில் வந்தது, அதுவும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. ஹார்ட் கோர் என்கிற இன்னொரு கான்ட்ராவுக்கும் அதே கதை. ஜப்பான் கேசட்டில் பனைமரம் காற்றில் ஆடும், நடுவில் வரைபடம் வரும், அதற்காக வாங்குகிறவர்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பெயர் பத்து, ஆட்டம் ஏழு. நம் கேசட்டுக்காரர் நேர்மையாக உரிமம் வாங்கியிருந்தால் இதைத்தான் செய்திருப்பார்.

தொல்காப்பியத்தில் வழிநூல் எத்தனை வகை என்று ஒரு கணக்கு வருகிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. கம்பைலேஷன் தொகுத்தல், ரீமேக் விரித்தல், பழையதைப் புது மெஷினுக்கு மறுபடி எழுதுகிற போர்ட் மொழிபெயர்ப்பு என்று அப்படியே உட்கார்கிறது. பழைய கேமை வைத்து வருகிற எதையும் வழியாட்டம் என்று சொல்லிப் பார்த்தேன், காதுக்கு இன்னும் பழகவில்லை.

தொகையை மட்டும் தனியாகச் சொன்னால் பணம் என்றே படும். விளையாட்டுத் தொகை என்றால் பரிசுப்பணம் மாதிரி இருக்கிறது, ஆட்டத்தொகை என்றால் கிரிக்கெட் வீரருக்குக் கொடுக்கிற சம்பளம் மாதிரி. ஊறுகாய், ஆடுகளம் மாதிரி வினைத்தொகையாக வைத்தால் என்ன? ஆடுதொகை. ஆடிய தொகை, ஆடுகிற தொகை, ஆடும் தொகை, மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும். நாங்கள் ஆடியது, அவன் ஆடுகிறது, இனிப் பிறக்கிற பிள்ளைகள் ஏதோ ஒரு கன்சோலில் ஆடப்போவது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவில் த் போடக் கூடாது, போட்டால் தமிழ் ஐயா எழுந்து வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, "உன் கான்ட்ரா ஆடுதொகை இருக்குல்ல, அதுல அந்த ஜப்பான் கேமப் போடு" என்றேன். அடுப்படியில் இருந்து ஆத்தா எட்டிப் பார்த்தார்.

"ஆட்டுக்கு இப்ப என்ன தொகையாம்? ரெண்டு கிலோவா வாங்கிரு, எலும்பு போடாமப் பாத்து வாங்கு."