சின்னத் துப்பாக்கிக்கு ஏன் பெரிய உதை?

பொருள் சின்னதாக இருந்தால் கையாளுவது சுலபம் என்பது நம் கைக்குப் பழகிப்போன கணக்கு. சின்னக் கத்தியும் சின்னச் சுத்தியலும் அப்படித்தான். கைத்துப்பாக்கி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது சுருங்கச் சுருங்க, சுடுகிறவருக்குச் சிரமம் கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏராளமானோர் இதைக் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். கடையில் கையில் எடுத்ததும் "இவ்வளவு லேசா?" என்று மகிழ்ந்து வாங்குகிறார்கள். சுடுதளத்தில் ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் உள்ளங்கை எரிகிறது. அதன் பிறகு அந்தத் துப்பாக்கி மேசை இழுப்பறையில் தூங்குகிறது.

அங்கே ஆடைக்குள் மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் குடிமக்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் உரிமை. 1987இல் ஃபுளோரிடா மாநிலம் தகுதியுள்ள எவருக்கும் உரிமம் என்று சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2022இல் நியூயார்க் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே துப்பாக்கி ஏந்துவதும் அரசியல் சட்டம் காக்கும் உரிமையே என்று தீர்ப்பளித்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு உரிமமே தேவையில்லை. அந்தச் சட்டம் சரியா தவறா என்ற வாதம் அங்கே ஓயவில்லை. நான் சொல்ல வருவது வேறு: இவ்வளவு பேர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அந்தச் சிறு இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது, அது எந்த அளவுக்குச் சுருங்க முடியும், சுருங்கும்போது யார் விலை கொடுக்கிறார்கள் என்பது.

பத்தாம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் உந்த அழிவின்மை விதிக்குத் துப்பாக்கியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். குண்டு முன்னே போனால் துப்பாக்கி பின்னே வரும். இரண்டின் உந்தமும் சமம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே நம் கணக்கைப் போட்டுவிடலாம்.

ஆஸ்திரியாவின் கிளாக் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த கிளாக் 19 என்ற நடுத்தரத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 15 தோட்டாக்கள் நிரப்பிய நிலையில் அதன் எடை ஏறத்தாழ 850 கிராம். அதிலிருந்து ஏழரை கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. குண்டின் பின்னாலேயே பீறிட்டு வரும் வெடிமருந்து வாயுவின் பங்கையும் சேர்த்தால் மொத்த உந்தம் (கிலோவையும் நொடிக்கு மீட்டரையும் பெருக்கிய அலகில்) சுமார் 3. அதை 0.85 கிலோவால் வகுத்தால், துப்பாக்கி நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் கையை நோக்கி வருகிறது. அது சுமக்கும் ஆற்றல் 5.3 ஜூல்.

இப்போது ரூகர் நிறுவனத்தின் எல்சிபி. 2008இல் வந்தது, கால்சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். தோட்டாக்களோடு எடை 335 கிராம் அளவுதான். இதன் தோட்டாவும் சின்னது, .380 வகை. ஆறு கிராம் குண்டு இதன் குட்டைக் குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 260 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. குண்டின் ஆற்றல் கிளாக் 19 குண்டினுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் துப்பாக்கி பின்னே வரும் வேகம் நொடிக்கு ஐந்தரை மீட்டர், ஆற்றல் 5.1 ஜூல். பாதி வலுவுள்ள தோட்டா, கைக்கு ஏறத்தாழ அதே உதை! அதுவும் இன்னும் வேகமாக, இன்னும் மெல்லிய பிடியின் வழியாக. அகலமான பிடியில் உள்ளங்கை முழுவதும் பரவும் விசை, இங்கே பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசையில் குறுகலாக வந்து குத்துகிறது. "மென்மையான தோட்டா வேண்டும், அதனால் சின்னத் துப்பாக்கி கொடுங்கள்" என்று கேட்கும் புதியவர்களைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. தோட்டா மென்மையானதுதான், துப்பாக்கி அப்படி இல்லை.

உதை நேராகப் பின்னே மட்டும் வருவதில்லை. குழல், பிடித்திருக்கும் கைக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. விசை மேலே, தாங்கும் இடம் கீழே என்றால் திருப்புத்திறன் உண்டாகிறது. முனை மேல்நோக்கித் துள்ளுகிறது. அந்தத் துள்ளலை அடக்குவது பிடியின் அடிப்பகுதியைச் சுற்றிய விரல்கள். மிகச் சிறிய துப்பாக்கிகளில் பிடி இரண்டு விரலோடு முடிந்துவிடும். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். நெம்புகோலில் அதிகம் உதவக்கூடிய இடத்திலிருந்த விரலுக்கு வேலை இல்லாமல் போகிறது.

அடுத்து, உள்ளே இருக்கும் பொறி. 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல இரண்டாயிரம் மடங்கைத் தாண்டலாம். குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அந்த நேரம் முழுவதும் குழலின் பின்கதவு மூடியே இருக்க வேண்டும். பிறகு, தானாகவே திறந்து, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு மூட வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியான ஸ்லைடைக் கனமாக்கி, பின்னால் வலுவான சுருள்வில் வைத்துவிட்டால் போதும். பூட்டே வேண்டாம், கனமான ஸ்லைடு அசையத் தொடங்குவதற்குள் குண்டு போய்விடும். ஜெர்மனியின் வால்தர் பிபிகே, 1931இல் வந்த புகழ்பெற்ற சிறு துப்பாக்கி, இப்படித்தான் இயங்குகிறது. இந்த முறையில் 9 மி.மீ. தோட்டாவை அடக்க வேண்டுமானால் ஸ்லைடு இரும்புக் கட்டியாகிவிடும். இன்னொரு வழியைக் கண்டவர் ஜான் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டாவில் 1855இல் பிறந்து, 1926இல் பெல்ஜியத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்தவர். அவர் குழலையும் ஸ்லைடையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டார். இரண்டும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்னே வருகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடுகிறது. பிறகு குழலின் பின்பகுதி சற்றுக் கீழே இறங்க, பூட்டு விடுபட்டு ஸ்லைடு மட்டும் தனியாகப் பின்னே செல்கிறது. கிளாக் 19லும் எல்சிபியிலும் இன்றும் இருப்பது இந்தச் சாயும் குழல்தான். கனத்தை வைத்துச் செய்த வேலையை வடிவத்தை வைத்துச் செய்துகாட்டிய அந்த மூளையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

ஆனாலும் கனத்தின் தேவை முற்றிலும் போகவில்லை. ஸ்லைடு லேசானால் அதே உந்தத்துக்கு வேகமாகப் பாயும். சின்னத் துப்பாக்கியில் அது ஓடுவதற்கு இடமும் குறைவு. குறைந்த தூரத்தில் அதை நிறுத்த விறைப்பான சுருள்வில் தேவை. பல மாதிரிகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வில்கள். அதன் விளைவை முதலில் உணர்பவர் முதல் தோட்டாவை ஏற்ற ஸ்லைடைக் கையால் பின்னுக்கு இழுப்பவர். வயதானவர்களும் மூட்டுவாதம் உள்ளவர்களும் பல குட்டித் துப்பாக்கிகளின் ஸ்லைடை இழுக்கவே முடியாமல் திணறுகிறார்கள். இதற்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் .380 தோட்டாவுக்கு, அளவில் சற்றுப் பெரிய, லேசாக இழுத்தாலே ஸ்லைடு வரக்கூடிய ஒரு மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்னொரு விளைவும் உண்டு. ஸ்லைடு முழுதாகப் பின்னே ஓட, கீழே பிடியோடு சேர்ந்த உடற்பகுதியான சட்டம் ஓரளவு அசையாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டமும் சேர்ந்தே பின்னே வரும். ஸ்லைடு பாதி வழியில் நின்று தோட்டா சிக்கிக்கொள்ளும். சட்டம் எவ்வளவு லேசோ, அவ்வளவுக்கு இந்தக் கோளாறும் அதிகம்.

சரி, இதைவிடச் சின்னதாக ஏன் செய்ய முடியவில்லை? எல்லை போடுவது தோட்டா. 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளம் 30 மி.மீ.க்கு ஒரு நூல் குறைவு. தோட்டாக்கள் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியில் படுத்த வாக்கில் கைப்பிடிக்குள் அடுக்கப்படுவதால், பிடியின் முன்பின் அளவு அதற்குக் கீழே போகவே முடியாது. அகலத்திலும் உயரத்திலும்தான் விளையாட இடம் இருக்கிறது. இங்கே பிதாகரஸ் உள்ளே வருகிறார்.

தோட்டாவின் தடிமன் சுமார் 10 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துத் தோட்டாக்களை நேராக அடுக்கினால் உயரம் 100 மி.மீ. மேகசினை அகலமாக்கி, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்தால், ஒவ்வொன்றும் கீழே உள்ளதன் பக்கவாட்டில் சரிந்து உட்காரும். பக்கவாட்டு விலகல் 6 மி.மீ. என்று கொண்டால், கர்ணம் 10, ஒரு பக்கம் 6, மறுபக்கம் 8. அதாவது ஒரு தோட்டாவுக்கு 8 மி.மீ. உயரம் போதும், பத்துத் தோட்டா 82 மி.மீ.க்குள் அடங்கும். ஒரு விரல் அகலம் மிச்சம்! விலகலை எட்டரை மி.மீ. வரை கொண்டுபோனால் உயரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஆனால் பிடி தடித்துவிடும்.

நெடுங்காலம் இரண்டு முனைகளில்தான் துப்பாக்கிகள் இருந்தன. 2015இல் வந்த கிளாக் 43 ஒற்றை அடுக்கு, மெல்லியது, ஆறே தோட்டா. கிளாக் 19 இரட்டை அடுக்கு, தடித்தது, பதினைந்து. 2018இல் சிக் சாவர் நிறுவனம் பி365 என்ற மாதிரியில் இரண்டுக்கும் நடுவே நின்றது. ஒன்றரை அடுக்கு என்று சொல்லலாம். ஒரு அங்குலத்தை ஒட்டிய தடிமனில் பத்துத் தோட்டா. மற்ற நிறுவனங்களும் விரைவிலேயே அந்த வழிக்கு வந்தன. இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1994 முதல் 2004 வரை, பத்துக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதித்திருந்தது. பத்துதான் வைக்க முடியும் என்றால் பெரிய பிடி எதற்கு என்ற கேள்வி அப்போதே வடிவமைப்பாளர்களைச் சிறிய உருவத்தை நோக்கித் திருப்பியது.

பலர் தவறாக நினைப்பது ஒன்று: குழல் குட்டையாக இருந்தால்தான் ஆடைக்குள் அடங்கும் என்பது. இடுப்பில் வைக்கும்போது குழல் உடம்பை ஒட்டிக் கீழே இறங்கிவிடும். வெளியே துருத்துவது கைப்பிடி. ஆகவே பிடி நீளமும் தடிமனும்தான் உண்மையான தடை. ஸ்லைடு இரண்டு சென்டிமீட்டர் நீண்டால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்த இரண்டு சென்டிமீட்டர் தருவது நிறைய. எடை முன்பக்கம் கூடித் துள்ளல் குறைகிறது, குண்டின் வேகம் சற்று உயர்கிறது, குறிபார்க்க ஸ்லைடின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம். இடைவெளி 150 மி.மீ. என்றால், குறிகளில் ஒரு மில்லிமீட்டர் பிசகு ஏழு மீட்டர் தொலைவில் 47 மி.மீ. பிசகாகும். 100 மி.மீ. என்றால் அதே பிசகு 70 மி.மீ. குறி தப்பும் குண்டு காற்றில் கரைந்துவிடுவதில்லை. பின்னால் யாரோ ஒருவர் நிற்கலாம்.

இத்தனையையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, வேண்டாதபோது சுடாமல் இருக்கும் திறன். கிளாக் போன்ற துப்பாக்கிகளின் டிரிக்கரை இழுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். கையால் போட்டு எடுக்கும் தனிப் பாதுகாப்புப் பூட்டு பெரும்பாலும் கிடையாது. உறைக்குள் செருகும்போது சட்டையின் ஓரமோ கயிற்று முடிச்சோ டிரிக்கர் வளையத்துக்குள் மாட்டினால் அதுவே விரலின் வேலையைச் செய்துவிடும். அதனால் டிரிக்கரை முழுதாக மூடும், நெகிழாத உறை இல்லாமல் இடுப்பிலோ பையிலோ வைப்பது பேராபத்து. சாவிக்கொத்தோடு கைப்பைக்குள் போட்டுக்கொள்வதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. கீழே விழும்போதும் இயற்பியல் வேலை செய்கிறது. 2017இல் சிக் சாவரின் பி320 குறிப்பிட்ட கோணத்தில் பின்புறமாக விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது தெரியவந்தது. துப்பாக்கி தரையில் பட்டு நின்றாலும், கனமான டிரிக்கர் தன் நிலைமத்தால் நகர்ந்துகொண்டே இருந்தது. எடை குறைந்த டிரிக்கர் உள்ளிட்ட மாற்றங்களை நிறுவனம் செய்து கொடுத்தது.

வீட்டுக்கு வந்து கழற்றிய பிறகு அது எங்கே இருக்கிறது என்பதும் இதே கேள்வியின் பகுதி. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். எட்டும் இடத்தில் இருக்கும் குட்டித் துப்பாக்கி குழந்தையின் கைக்குள்ளும் அடங்கிவிடும். பூட்டிய பெட்டியின் விலையைத் துப்பாக்கியின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், ஒளிக்க முடிந்ததில் மிகச் சிறியதை அல்ல, மூன்று விரலும் முழுதாகப் பிடிக்க முடிந்ததில் சிறியதை என்பேன். அங்கே பல சுடுதளங்களில் துப்பாக்கிகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு மேகசினை முழுதாகச் சுட்டுத் தீர்த்துப் பார்க்கலாம். தீரும்வரை சுட வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பி365இல் பத்துத் தோட்டாவின் எடை சுமார் 120 கிராம். நிரம்பிய துப்பாக்கியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு குண்டும் போகப் போகத் துப்பாக்கி இளைக்கிறது. முதல் குண்டு கைக்குத் தருவது ஆறரை ஜூல். பத்தாவது குண்டு தருவது எட்டை நெருங்கும்.