கல்ச்சர் ரிப்போர்ட் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

கடும் காய்ச்சல், இறங்கிக்கொண்டே போகும் ரத்த அழுத்தம். ஐசியுவில் சேர்த்த நோயாளியைத் தாக்கியிருப்பது எந்தக் கிருமி என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. தெரியும்வரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் பலவகைக் கிருமிகளையும் தாக்கும் வலுவான ஆன்டிபயாட்டிக்கை உடனே ஏற்றுகிறார்கள். இது சரியான முடிவுதான். ஆனால் முடிந்தவரை, முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனைக்கு, ரத்தம் எடுத்துவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். அப்புறம் கடைசிவரை குத்துமதிப்பான வைத்தியம்தான்.

ரத்தத்தில் வளர்ந்த கிருமியை, அகார் என்ற கூழ் நிரப்பிய வட்டத் தட்டில் பூசுகிறார்கள். அதன்மேல் வெவ்வேறு மருந்துகள் தோய்த்த குட்டிக் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விடுகிறார்கள். காலையில் தட்டு முழுக்கப் பாக்டீரியா பனிபோலப் படர்ந்திருக்கும். கிருமியிடம் எடுபடும் மருந்தின் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். அதை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். சில வில்லைகளின் விளிம்புவரை கிருமி ஏறி நிற்கும். அந்த மருந்து இந்தக் கிருமியிடம் எடுபடாது.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வந்துவிடும். அந்தக் கிருமியை மட்டும் குறிவைக்கும் எளிய மருந்துக்கு மாற வேண்டிய நேரம் அது. "நோயாளி தேறிவருகிறாரே, இப்போது எதற்கு மாற்றுவது?" என்ற தயக்கம் மருத்துவர்களுக்கு வரும். எனக்கு அது புரிகிறது. ஆனாலும் மாற்றத்தான் வேண்டும்.

காரணம் குடலில் இருக்கிறது. வலுவான மருந்து அங்கே வாழும் சாது பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது. மருந்துக்கு அசராத ஒன்றிரண்டு மிஞ்சினால் போதும், காலியான இடம் முழுவதும் அவற்றுக்குத்தான். ஈ.கோலை பாக்டீரியா, சூழல் சாதகமாக இருந்தால் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தின் வழியாக எதிர்ப்பு மரபணுவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பிறகு கைகள் வழியாக, கருவிகள் வழியாகப் பக்கத்துப் படுக்கைக்கும் போகும். அந்த மருந்தை ஒருமுறைகூட எடுக்காத நோயாளிக்கும் அது பயன்படாமல் போகிறது.

அறுவை சிகிச்சையிலும் இதே பிரச்சினைதான். தொற்று வராமல் தடுக்க ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் பெரும்பாலான அறுவை சிகிச்சைகளில், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் டோஸ் கொடுக்கிறார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதன்பின் நாள்கணக்கில் நீட்டுவதால் பலன் கூடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது: முதலில் தரத்தக்கவை, கண்காணித்துத் தர வேண்டியவை, கடைசி கட்டத்துக்காகப் பொத்திவைக்க வேண்டியவை. மூன்றாவது பட்டியலில் இருக்கும் கோலிஸ்டின், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மற்றவை எடுபடாதபோது அதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால், மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டதா? இந்த ஆன்டிபயாட்டிக் இன்னும் தேவையா?"